மூன்று புள்ளி மூடி

எங்கள் அப்பாவின் கார் எஞ்சினில் மூன்றாவது பிஸ்டனைப் பிடித்திருந்த இரும்பு மூடியை, ஒரு தடவை ஒரு மலை நிறையத் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் பூ வைத்துக் கும்பிட்டார்கள். குங்குமம் அப்பினார்கள், கற்பூரம் காட்டினார்கள், எங்கள் அம்மா அதன் முன்னால் கண்ணீர் விட்டு வேண்டிக்கொண்டார். அந்தப் பாவத்துக்கோ புண்ணியத்துக்கோ முழுக் காரணம் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பதுளையில் பஸ் ஏறி ஒரு மணி நேரம் வந்து, இறங்கிய இடத்திலிருந்து தேயிலைக்குள் மேலே நடந்தால் எங்கள் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு. அப்பாவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. தோட்டத்தில் யாருக்காவது வலி கண்டாலும், பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலும், பெண்ணழைப்பு என்றாலும் அந்தக் கார்தான். அது வயதான கார். எண்ணெய் குடிக்கும், நீலமாகப் புகை விடும். காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் அந்தக் கார் திரும்பினால் கீழ் லயம் வரைக்கும் கொசு சாகும் என்று மாமா கேலி செய்வார். மாமா அம்மாவின் தம்பி. பதுளையில் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தார். அப்பாவோ அந்தக் காரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பதில் பேச மாட்டார். பொதுவாகவே அவர் பேசுகிறவர் இல்லை.

அந்த வருடம் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. தோட்டம் கொடுத்த துண்டு நிலத்தில் நாங்கள் ஆரம்பித்த வீடு அத்திவாரத்தோடு நின்றுபோய், அதற்குள் புல் முளைத்து, பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்மா இந்த முடிவுக்கு வந்தார் என்று நினைக்கிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. மார்கழி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்ப வேண்டும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நம்ம கார்லயே என்னைய ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போயி விடுங்க. ஏஜென்சி வேன்ல தெரியாதவங்களோட போறதுக்கு எனக்கு மனசு வரல. நீங்களும் பாப்பாவும் கடைசி வாசல் வரைக்கும் கூட இருக்கணும்."

அப்பா, "இந்தப் புகையோட அவ்வளவு தூரம் போக முடியாது. எஞ்சினப் பிரிச்சு பிஸ்டன் ரிங் மாத்தணும்" என்றார். புறப்பட அப்போது ஒரு வாரம்தான் இருந்தது.

மாமா வந்து பார்த்தார். காதை வைத்துக் கேட்டார், ஓட்டிப் பார்த்தார். "இப்ப எதுக்கு மச்சான்? போயிட்டு வந்து பிரிப்போமே. மெதுவாப் போனா இது பேசாமப் போயிரும்" என்றார். அப்பா ஸ்பேனர்ப் பையை எடுத்து வரப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்து வாசலில் எஞ்சினைப் பிரித்தார்கள். மேலே ஹெட்டைக் கழற்றினார்கள். அடியில் எண்ணெய்த் தொட்டியை இறக்கினார்கள். மாமா பலகையில் படுத்துக் காருக்கு அடியில் போனார், அப்பா மேலே நின்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நான் மட்டும் மாமாவோடு அடியில் படுத்துக்கொண்டு டோர்ச் பிடித்தேன். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் கீழே ஒரு தண்டு இருந்தது. அதற்குக் கனெக்டிங் ராட் என்று பெயர் சொன்னார் மாமா. அந்தத் தண்டின் பாதத்தில் பாதி வளையம், அதற்குப் பொருந்தும் இன்னொரு பாதி வளையம் தனி மூடியாக. இரண்டும் சேர்ந்து கிராங்க் என்கிற சுழல் அச்சைக் கட்டிப் பிடித்துக்கொள்கின்றன, இரண்டு ஆணியும் இரண்டு நட்டும் போட்டு.

நட்டைத் தொடுவதற்கு முன்னால் மாமா ஒரு கூரான உளியை வைத்துத் தட்டி, முதல் ராட்டுக்கும் அதன் மூடிக்கும் ஒவ்வொரு புள்ளி வைத்தார். இரண்டாவதற்கு இரண்டிரண்டு. இப்படியே நாலு வரைக்கும்.

"பொட்டு எதுக்கு மாமா?"

"இது அதோட சோடி, மருமவளே. ரெண்டையும் ஒன்னா வச்சுத்தான் உள்ள கடைஞ்சிருப்பான். இந்த ராட்டுக்கு இந்த மூடிதான். மாத்திப் போட்டா கிராங்க் இறுகிப் போயி மொத்தமும் நாசம்."

"ஒரு மூடி தொலைஞ்சிட்டா?"

"அப்புறம் என்ன, காரு இங்கயே கிடக்கும். கோழி முட்டை போடும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு ராட்டின் ஆணிகளில் சைக்கிள் டியூப் துண்டுகளை மாட்டினார், வெளியே வரும்போது கிராங்கில் கீறல் விழக் கூடாதென்று. சுத்தியலின் கட்டைக் கைப்பிடியை அடியில் கொடுத்து மெல்லத் தள்ளத் தள்ள, மேலே அப்பாவின் கைக்குள் பிஸ்டன் ஏறி வந்தது. தலையெல்லாம் கரி, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிச் சாக்கில் வைத்தார். நாலு பிஸ்டன், நாலு ராட், நாலு மூடி. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாகக் காயவைத்தார்கள்.

சாயங்காலம் இருவரும் கை கழுவப் பீலிக்குப் போனார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மூன்று புள்ளி வைத்த மூடியை எடுத்துப் பாவாடைக்குள் சுற்றிக்கொண்டேன். மூன்றை எடுத்தது எதனால் என்றால், அப்பா, அம்மா, நான் என்று நாங்கள் மூன்று பேர். ஒன்பது வயதில் அது பெரிய கணக்காகத் தெரிந்தது.

லயத்துக் காம்பராவில் ஒரு ஊசியைக்கூட ஒளிக்க முடியாது. ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே டிரங்குப் பெட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் மேலே மலைக்கு ஓடினேன். வாகை மரத்தடியில் முனியாண்டி கல் இருந்தது. கொழுந்து எடுக்க அந்த மலையில் ஏறும் பெண்கள் முதல் பிடிக் கொழுந்தைக் கல்லுக்கு வைத்துவிட்டுத்தான் தேயிலை நிரையில் இறங்குவார்கள். செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆட்கள் தேய்ந்துபோன கத்திகளை அங்கே கொண்டுவந்து நட்டு வைத்திருந்தார்கள். சாமிக்கு வைத்த இரும்பை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு வேண்டியதும். கத்திகளுக்கு நடுவே மூடியைச் செருகினேன். "அம்மா போகக் கூடாது சாமி" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தேன்.

திங்கட்கிழமை மாமா லீவு போட்டிருந்தார். காலையில் எண்ணிப் பார்த்தால் மூடி மூன்றுதான். சாக்கை உதறினார்கள், தண்ணீர்க் கானைக் கிளறினார்கள், கோழிக்கூட்டுக்குள் கை விட்டார்கள். மாமா பழைய இரும்பு வாங்க வருகிறவரைத் திட்டினார், எலியைத் திட்டினார், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நீ எடுத்தியா?"

"இல்லப்பா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பாவாடையில் எண்ணெய்க் கறை இருந்தது. நாள் முழுக்கக் காருக்கடியில் கிடந்தவளின் பாவாடையில் கறை இருப்பதில் என்ன அதிசயம் என்று நான் தைரியமாக நின்றேன். அவர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அடேயப்பா, எவ்வளவு லேசாகத் தப்பித்தோம் என்று எனக்குள் பெருமைகூட வந்தது.

செவ்வாய்க்கிழமை மாமா பதுளை முழுக்க அலைந்து இரண்டு மூடிகள் கொண்டுவந்தார். இரண்டும் சேரவில்லை. அதே நாள் பெண்கள் முனியாண்டி மலைக்குக் கொழுந்துக்குப் போனார்கள். பள்ளிக்கூட லீவு என்பதால் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. மரத்தடிக்கு வந்ததும் கத்திகளைத்தான் முதலில் பார்த்தேன். மூடி கத்திகளுக்கு நடுவில் இல்லை. கல்லுக்கு நேர் முன்னால், வளைவு மேலே தெரிய, அரை நிலா மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். செம்பருத்தி, குங்குமம், எலுமிச்சம்பழம். சுற்றிலும் கைப்பிடி கைப்பிடியாகக் கொழுந்து குவிந்திருந்தது.

அடுத்த காம்பரா அத்தைதான் முதலில் பார்த்திருக்கிறாள். "யாரோ பெரிய நேர்த்தி வச்சிருக்காங்கடி. மூணு பொட்டு வச்சு அடிச்சிருக்கு பாரு, சும்மா இல்ல" என்று அவள் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். எஞ்சின் பக்கமே திரும்பிப் பார்க்காத அம்மாவுக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? கொழுந்தை வைத்துவிட்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அம்மாவுக்கும் போக மனமில்லை, அதைத்தான் கேட்கிறார் என்று நான் முடிவு செய்தேன். இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் சாமி தட்ட முடியாது. தேத்தண்ணிப் போத்தலை வைத்துவிட்டு உற்சாகமாக இறங்கி வந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். "மலையில யாரோ சாமிக்கு இரும்பு வச்சிருக்காங்க. அரைவட்டமா, ரெண்டு பக்கமும் ஓட்டை. பாக்கவே பயபக்தியா இருக்குங்க."

அப்பா ரொட்டியைப் பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, விறகு பார்த்துவிட்டு வருகிறேன் என்று மலைப் பக்கம் போனார். இருட்டுகிற நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லா விறகும் ஈரம் என்றார்.

புதன் போனது. வியாழனும் மழை. படங்கு போர்த்திய கார் வாசலில் நின்றது. பிஸ்டன்களுக்குப் புது ரிங்குகள் மாட்டி எண்ணெயில் தோய்த்துத் தயாராக இருந்தன. மூடி மட்டும் இல்லை. அம்மாவின் பெட்டி கட்டியாகிவிட்டது. அந்தப் பெட்டியைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மாலை அம்மா அடுப்படியில் உட்கார்ந்தபடியே சொன்னார். "இனிமே தேடி என்னங்க ஆகப் போகுது. ஏஜென்சிக்காரருக்குச் சொல்லி அனுப்பிட்டேன். சனிக்கிழமை விடியக்காலைல பண்டாரவளைல இருந்து வேன் போகுதாம். ஒரு ஆளுக்குத்தான் இடம். நான் அதுலயே போயிர்றேன். நீங்க பாப்பாவப் பாத்துக்கங்க."

அப்பா ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார். "ம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார் ஓடாவிட்டால் அம்மா போக மாட்டார் என்றுதானே நான் நினைத்தது? அம்மா எப்படியும் போகிறார். நான் ஒளித்து வைத்தது அம்மாவின் பயணத்தை இல்லை. பின் சீட்டில் அம்மா மடியில் தலைவைத்துக்கொண்டு போகப்போகிற அந்த ஒரு பகலைத்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். அன்று ராத்திரி அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மழையில் மலைக்கு ஓடினேன். அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டார், மற்றப் பெண்கள் நிரைக்கு வந்துவிட்டார்கள். நடப்பட்டிருந்த கத்திகள் எல்லாம் மழையில் சிவப்பாகத் துரு வடித்துக்கொண்டிருந்தன. நான் பூக்களை ஒதுக்கி மூடியை எடுத்தேன். கையில் வழுக்கியது. குங்குமத்துக்கு அடியில் மஞ்சளாக, கெட்டியாக ஏதோ பூசியிருந்தது. யாரோ சாமிக்கு நெய் தடவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அடியே! சாமி சாமானடி அது! வை கீழ!"

அத்தை கூடையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மூடியைப் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இது சாமி சாமான் இல்ல அத்தை. எங்க காரு சாமான். நான்தான் கொண்டாந்து வச்சேன். அம்மா போகக் கூடாதுன்னு வச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தரும் கை ஓங்கவில்லை. மழை கூடைகளில் விழுகிற சத்தம் மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் மூன்று நாலு பேர் வெளிநாடு போய் வந்தவர்கள், ஒருத்தியின் மகள் அப்போதும் அங்கேதான் இருந்தாள். இதெல்லாம் பிற்பாடு எண்ணிப் பார்த்ததுதான்.

கும்பிட்டதைச் சும்மா எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. அத்தை கொஞ்சம் யோசித்தாள். தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, மூடி இருந்த இடத்தில் வைத்தாள். "இரும்புக்கு இரும்பு வச்சாச்சு சாமி. புள்ள அறியாம செஞ்சிருச்சு, மனசுல வச்சுக்காத" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? ஓடு! உங்கப்பன்கிட்டக் குடு!" என்று அதட்டினாள். அதட்டிவிட்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஓடினேன். அப்பா படங்குக்கு அடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். "கிடைச்சிருச்சுப்பா!" என்று கத்திக்கொண்டே போய் அவர் கையில் வைத்தேன். அவர் அதை வாங்கினார். பழந்துணியால் குங்குமத்தையும் மஞ்சளையும் மெதுவாகத் துடைத்தார். உள்ளே இரும்பு பளபளவென்று, வைத்த நாளில் இருந்தது போலவே இருந்தது. மூன்று புள்ளியையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எங்கே கிடந்தது என்று அவர் கேட்கவில்லை. மாமாதான் குதித்தார். "எங்கடி கிடந்துச்சு? சாமியே கொண்டாந்து குடுத்துச்சா?" என்று அவர் கேட்டதற்கு, "கிடைச்சதே போதும், விடு மாப்ள. வேலையப் பாப்போம்" என்று அப்பா சொன்னார்.

மத்தியானமே வேலை தொடங்கியது. ரிங்குகளின் வாய்கள் ஒன்றுக்கு நேர் ஒன்று வராமல் மாமா திருப்பி வைத்தார். பால்மா டின் தகரத்தை வெட்டிச் செய்த பட்டையால் ரிங்குகளை இறுக்கிப் பிடித்து, பிஸ்டனைச் சிலிண்டருக்குள் நிறுத்தினார். அப்பா சுத்தியல் கைப்பிடியால் தட்டித் தட்டி இறக்க, நானும் மாமாவும் அடியில் கிடந்து ராட்டைக் கிராங்கின் மேல் உட்கார வைத்தோம். அம்மா படங்கின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து மழையை மறைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது மூடியை என்னிடம் கொடுத்துப் போடச் சொன்னார் அப்பா. புள்ளிகள் ஒரே பக்கம் வரும்படி பொருத்தினேன். நட்டுகளை மாமா முறுக்கினார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எஞ்சின் பிடித்தது. புகையே இல்லை. லயத்துச் சனம் கைதட்டியது, மாமா என்னைத் தூக்கிக்கொண்டார், அம்மா வேன்காரருக்குச் சொல்லி அனுப்ப ஆள் தேடி ஓடினார். அப்பா மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்தக் கார் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மலை இறங்கி, வெயிலுக்குள் போய், விமான நிலையம் வரைக்கும் தையல் மிஷின் மாதிரி ஓடியது. நான் வழியெல்லாம் அம்மா மடியில் இருந்தேன். அம்மா திரும்பி வந்து நிரந்தரமாகத் தங்கியபோது எனக்குப் பதினேழு வயது. வீடு கட்டி முடிந்திருந்தது. அந்த வீட்டில் வைத்து ஒரு நாள் கேட்டேன், அன்றைக்கு முனியாண்டியிடம் அழுது என்ன கேட்டாய் என்று. "வேற என்னத்தக் கேட்பேன். அந்தக் காரு சாமான் கிடைக்கணும்னுதான் கேட்டேன்" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், அம்மாவும் சிரித்தார். பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பா காலமாகி இரண்டு வருடமாகிறது. சென்ற மாதம், சும்மா கிடந்த காரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மாமா எஞ்சினைத் திறந்தார். அவருக்கும் இப்போது நரைத்துவிட்டது. கழற்றிய மூடிகளைத் துடைத்து, ஒரு டின்னில் விரலை விட்டு, மஞ்சளாக, கெட்டியாக எதையோ எடுத்து ஒவ்வொன்றின் மேலும் பூசிக்கொண்டிருந்தார்.

"இது என்ன மாமா?"

"கிரீஸ்தான். நம்ம ஊரு மழைக்கு ஒரு ராத்திரி வெளிய கிடந்தாப் போதும், துரு ஏறிடும். உங்கப்பாவோட டின்னுதான் இது."

மூன்று புள்ளி மூடியைக் கையில் எடுத்தேன். அதே வழுக்கல். அதே மஞ்சள். அந்தக் கல்லடியில் அத்தனை கத்தியும் சிவந்து கிடந்தபோது இது மட்டும் எப்படிப் பளபளத்தது என்று இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை. விறகுக்கென்று போய் வெறுங்கையோடு வந்த அந்தச் சாயங்காலம் அப்பா இதைக் கையில் எடுத்திருக்கிறார். துடைத்து, மடியில் மறைத்துக் கொண்டுபோன கிரீஸைப் பூசி, பூவும் குங்குமமும் கலையாத மாதிரி திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு இரண்டு முழு நாள், மாமா தேடுவதையும் அம்மா பெட்டி கட்டுவதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். போகாதே என்று அம்மாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்னைப் போலவே அவரும் அந்தக் கல்லை நம்பி இருந்திருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நானோ, பெரிய சாதனை செய்தவள் மாதிரி, கிடைச்சிருச்சு கிடைச்சிருச்சு என்று கத்திக்கொண்டு அதை அவர் கையிலேயே கொண்டுபோய் வைத்தேன். அவர் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார். அடி விழவில்லையே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.